பாதியில் நிற்கும் பிரதியோடு விளையாட: எழுதுபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

இது யாருக்கு?

எழுத ஆரம்பித்து இன்னும் முடிக்காத ஒன்று கையில் இருக்கும் எல்லோருக்கும். அதைத் தொடர்ந்து எழுத வைக்கும் விளையாட்டுகளையும் இணையதளங்களையும் பற்றிய கேள்வி பதில் இது. நாவல், சிறுகதைத் தொகுப்பு, தொடர், மரபுக்கவிதை, ஆய்வேடு என்று எதுவாகவும் இருக்கலாம். எழுத்துக்கே புதியவர்களுக்கான பாடம் இங்கே கிடையாது. நாற்பது பக்கமோ நானூறு பக்கமோ எழுதிவிட்டு, அப்புறம் அந்தக் கோப்பைத் திறக்கவே கை வராமல் இருப்பவர்கள்தான் இந்தக் கேள்விகளை அதிகம் கேட்கிறார்கள், பதில்களும் அவர்களை மனதில் வைத்தே எழுதப்பட்டவை.

எழுதுவது தீவிரமான வேலை. அதில் விளையாட்டு எதற்கு?

பாதி எழுதிய பிரதியைத் தொடாமல் விட விட அதன்மேல் ஒரு பயம் படிந்துகொண்டே போகும். "இன்று பதினோராம் அத்தியாயத்தை முடித்தே ஆகவேண்டும்" என்று உட்கார்ந்தால் பல பேருக்கு முதல் வரிகூட வராது. அதே ஆளிடம் "இருபது நிமிடம், அந்த அத்தியாயத்தில் மழை நிற்கும் இடம் மட்டும்" என்று சொல்லுங்கள், எழுதிவிடுவார். விளையாட்டு செய்வது அவ்வளவுதான், வேலையைச் சின்னதாக்கி, அதற்கு ஒரு தொடக்கமும் முடிவும் வைத்துத் தருகிறது.

எது நல்ல விளையாட்டு என்பதற்கு என் அளவுகோல் ஒன்றே. ஆடி முடித்தபின் பிரதியில் சில வரிகளாவது கூடியிருக்க வேண்டும், இல்லையென்றால் பிரதியைப் பற்றி அதுவரை தெரியாத ஏதோ ஒன்று தெரிய வந்திருக்க வேண்டும். இரண்டும் நடக்கவில்லை என்றால் அது எவ்வளவு அழகான தளமாக இருந்தாலும் மூடிவிடலாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இணையம் வந்துதான் எழுத்தாளர்கள் விளையாட ஆரம்பித்தார்கள் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஈற்றடி கொடுத்து வெண்பா பாடச் சொல்வது, ஒரு பாட்டின் கடைசிச் சொல்லில் அடுத்த பாட்டைத் தொடங்கும் அந்தாதி, ஒரே பாட்டில் இரண்டு பொருளைப் பூட்டிவைக்கும் காளமேகப் புலவரின் சிலேடை, எந்தப் பக்கமிருந்து வாசித்தாலும் ஒன்றாகவே வரும் மாலைமாற்று எல்லாம் நம் ஆட்கள் விதி போட்டு ஆடிய ஆட்டங்கள்தான்.

எழுத்து ஓட்டம் என்கிறார்களே, அதை எப்படி ஆடுவது?

ஆங்கிலத்தில் ஸ்பிரிண்ட் என்பார்கள். இரண்டு பேரோ பத்துப் பேரோ ஒரே நேரத்தில் டைமரைப் போட்டுவிட்டு அவரவர் பிரதியை எழுதுகிறார்கள். மணி அடித்ததும் எத்தனை வார்த்தை எழுதினோம் என்று குழுவில் போடுகிறார்கள். ஐந்து நிமிடம் ஓய்வு, பிறகு அடுத்த சுற்று. நேர அளவு 15 அல்லது 20 நிமிடம் வைக்கலாம். இத்தாலியரான பிரான்செஸ்கோ சிரில்லோ 1980களின் கடைசியில் தக்காளி வடிவ சமையலறை டைமரை வைத்துக்கொண்டு உருவாக்கிய பொமொடோரோ முறையில் 25 நிமிட வேலையும் ஐந்து நிமிட ஓய்வும் என்பது கணக்கு. பலர் அதையே அப்படியே எடுத்துக்கொள்கிறார்கள், நன்றாகவே வேலை செய்கிறது.

இதற்குத் தனித் தளம் தேவையே இல்லை, ஒரு வாட்ஸ்அப் குழு போதும். ஒருவர் நேரம் பார்ப்பவர். அவர் "தொடங்கலாம்" என்றதும் எல்லோரும் தங்கள் கோப்பின் அப்போதைய வார்த்தை எண்ணிக்கையைக் குறித்துக்கொள்ள வேண்டும், முடிவில் கழித்துப் பார்த்துச் சொல்ல வேண்டும். ஒரே ஒரு விதியைக் கண்டிப்பாக வையுங்கள்: எழுதியது நன்றாக இருக்கிறதா என்று ஆட்டம் முடியும்வரை யாரும் பேசக்கூடாது, தன்னுடையதைப் பற்றிக்கூட.

எனக்கு ரொம்பப் பிடித்த ஒரு மாற்றம் இருக்கிறது. பாதி நேரத்தில் நேரம் பார்ப்பவர் ஒரு பொருளின் பெயரைக் குழுவில் போடுவார். எலுமிச்சம்பழம், கிழிந்த ரசீது, ஒற்றைச் செருப்பு, இப்படி ஏதாவது. மீதி நேரத்துக்குள் அது எல்லோருடைய காட்சியிலும் வந்தாக வேண்டும். சண்டைக் காட்சி எழுதிக்கொண்டிருந்த ஒருவருக்கு எலுமிச்சம்பழம் வந்தது. கத்திக்கொண்டிருந்த அண்ணன் திடீரென்று குனிந்து, படியில் உருண்ட பழத்தை எடுத்துத் தங்கையின் பையில் போட்டுவிட்டு மறுபடி கத்துகிறான். அந்தக் குடும்பத்தைப் பற்றி அதுவரை எழுதிய மூன்று பக்கம் சொல்லாததை அந்த ஒரு அசைவு சொல்லிவிட்டது.

நண்பர்கள் வேறு வேறு நாட்டில் இருக்கிறோம். நேரம் எப்படிப் பொருத்துவது?

சென்னைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் ஒரே நேரம்தான், அங்கே சிக்கல் இல்லை. சென்னையில் இரவு 9 மணி என்றால் சிங்கப்பூரில் இரவு 11.30, டொராண்டோவில் குளிர்காலத்தில் காலை 10.30, கோடையில் 11.30. வார நாளில் கஷ்டம், ஞாயிற்றுக்கிழமை ஒத்துவரும். சிங்கப்பூர்க்காரர்களைப் பாதி ராத்திரி வரைக்கும் உட்கார வைக்காமல் ஒன்றிரண்டு மணி நேரம் முன்னாலேயே வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது.

நவம்பர் மாதம் நாவல் எழுதும் போட்டி இன்னும் நடக்கிறதா?

நானோரைமோ என்று சுருக்கமாகச் சொல்வார்கள். 1999இல் சான் பிரான்சிஸ்கோ பக்கத்தில் கிரிஸ் பேட்டி என்பவர் தன்னோடு சேர்த்து 21 பேரை வைத்துத் தொடங்கியது. முதல் வருடம் ஜூலையில் நடந்தது, அடுத்த வருடத்திலிருந்து நவம்பருக்கு மாறியது. முப்பது நாளில் 50,000 வார்த்தை, அதாவது நாளுக்கு 1,667. பரிசுப் பணமும் கிடையாது, நடுவரும் கிடையாது, எழுதி முடித்தவர் எல்லோரும் வென்றவர்தான். உலகம் முழுக்கப் பரவி, லட்சக்கணக்கானோர் ஆடினார்கள்.

அதை நடத்திய அமைப்பு 2025 மார்ச் கடைசியில் மூடப்போவதாக அறிவித்துவிட்டது. பணப் பற்றாக்குறையைக் காரணமாகச் சொன்னார்கள். அதற்கு முன்பே சில சர்ச்சைகள் அதன் பெயரைக் கெடுத்திருந்தன. 2024 செப்டம்பரில் ஏஐ பற்றி அவர்கள் வெளியிட்ட நிலைப்பாட்டைக் கண்டித்து அதன் எழுத்தாளர் குழுவிலிருந்து சிலர் விலகினார்கள்.

ஆனால் அமைப்பு போனால் ஆட்டமும் போக வேண்டும் என்று கட்டாயமில்லை. முப்பது நாள், ஓர் இலக்கு, தினமும் எண்ணிக்கையைச் சொல்ல நான்கு பேர். எந்த மாதத்திலும் இதை வைத்துக்கொள்ளலாம். தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்கு நவம்பர் என்றால் தீபாவளி முடிந்த அலுப்பும் அடைமழையும் மின்வெட்டுமாக இருக்கும். மார்கழியில் விடிகாலை எழுந்து எழுதும் ஒரு குழுவை எனக்குத் தெரியும். ஊர் அடங்கியிருக்கும் அந்த ஒரு மணி நேரம் அவர்களுக்குப் போதுமானதாக இருக்கிறது.

50,000 வார்த்தை என்ற கணக்கு தமிழுக்கு ஒத்துவருமா?

அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். தமிழில் வேற்றுமை உருபும் துணைவினையும் சொல்லோடு ஒட்டிக்கொள்வதால் அதே அளவு கதைக்கு வார்த்தைக் கணக்கு குறைவாகத்தான் வரும். போதாததற்கு, "வந்துகொண்டிருந்தான்" என்று சேர்த்து எழுதினால் ஒன்று, "வந்து கொண்டிருந்தான்" என்றால் இரண்டு, "வந்து கொண்டு இருந்தான்" என்றால் மூன்று. இலக்கைத் தொட வேண்டும் என்பதற்காகச் சொற்களைப் பிரித்துப் பிரித்து எழுதும் பழக்கம் வந்துவிட்டால் பிறகு திருத்துவது பெரிய வேலை.

மாதப் போட்டி என்றால் 30,000 வைத்துக்கொள்ளுங்கள் என்றுதான் நான் சொல்வேன், நாளுக்கு 1,000. அதுவே நல்ல உழைப்பு. வேலைக்குப் போய்விட்டு வந்து எழுதுபவர் 400 வைத்தாலும் போதும், ஆனால் போட்டியின் நடுவில் இலக்கை மாற்றக்கூடாது.

தளங்களில் தமிழில் எழுதினால் எண்ணிக்கை சரியாகக் காட்டுமா?

சிலவற்றில் காட்டும், சிலவற்றில் காட்டாது. அதைக் கண்டுபிடிக்கச் சுலபமான வழி இருக்கிறது. புதிய பக்கத்தைத் திறந்து "புத்தகம்" என்று ஒரே ஒரு சொல்லைத் தட்டுங்கள்.

1 என்று காட்டினால் நிம்மதி. அந்தத் தளம் இடைவெளியை வைத்து எண்ணுகிறது, தமிழுக்கு அது போதும். வேர்டும் கூகுள் டாக்ஸும் இந்த ரகம்.

0 என்று காட்டினால் அதற்கு ஆங்கில எழுத்தைத் தவிர வேறு எழுத்தே தெரியாது. நீங்கள் ஒரு லட்சம் வார்த்தை எழுதினாலும், பின்னால் சொல்லப்போகும் ஆட்டங்களில் பரிசாக வரும் பூனைக்குட்டிப் படமும் வராது, எழுதி வீழ்த்த வேண்டிய அரக்கனும் சாக மாட்டான்.

3 என்று காட்டினால்? இதுதான் பலரைக் குழப்புவது. கணினிகள் எழுத்துகளைச் சேமிக்கும் பொது முறையான யூனிகோடில் "பு" என்பது ஒரே குறி கிடையாது, "ப" ஒன்று, உகரக் குறி ஒன்று. மெய்யெழுத்துக்கு வைக்கும் புள்ளியும் தனிக் குறிதான். எழுத்துகளை மட்டும் வார்த்தையின் பகுதியாக எடுத்துக்கொண்டு குறிகளை விட்டுவிடும் நிரல், உகரக் குறியிலும் புள்ளியிலும் சொல்லை உடைத்து, "ப", "த", "தகம" என்று மூன்று வார்த்தையாக எண்ணிவிடும். எண்ணிக்கை எக்கச்சக்கமாக ஏறும், பார்க்கச் சந்தோஷமாக இருக்கும், ஆனால் பொய்க் கணக்கு. இப்படிப்பட்ட தளத்தில் நேரத்தை மட்டும் வைத்து ஆடுங்கள், எண்ணிக்கைக்கு உங்கள் வேர்ட் கோப்பையே நம்புங்கள்.

எழுத்தெண்ணிக்கை வைத்து ஆடும் குறுங்கதைப் போட்டிகளிலும் இதே கதைதான். "தமிழ்" நமக்கு மூன்று எழுத்து, கணினிக்கு ஐந்து குறி. 280 என்று எல்லை வைத்த இடத்தில் 280 தமிழ் எழுத்து கிடைக்காது. நம் ஆட்களுக்குள் போட்டி என்றால் வார்த்தைக் கணக்கிலேயே எல்லை வைப்பது நியாயம்.

எழுதுவதை நிறுத்தினால் எல்லாம் அழிந்துவிடுமாமே, அப்படி ஒரு தளம் உண்மையிலேயே இருக்கிறதா?

இருக்கிறது. தி மோஸ்ட் டேஞ்சரஸ் ரைட்டிங் ஆப் என்று பெயர், மானுவல் எபர்ட் என்பவர் 2016இல் செய்தது, பிறகு ஸ்குவிப்லர் என்ற எழுத்து மென்பொருள் நிறுவனம் வாங்கிக்கொண்டது. ஐந்து நிமிடம் என்றோ பத்து நிமிடம் என்றோ நேரம் தேர்ந்தெடுத்துவிட்டு எழுத ஆரம்பிக்க வேண்டும். ஐந்து விநாடி கை நின்றால் திரை சிவந்து, எழுத்து மங்கி, அத்தனையும் போய்விடும். திரும்ப எடுக்க வழியில்லை. கடைசி வரை தாக்குப்பிடித்தால் எழுதியதைச் சேமிக்கலாம். எழுதியதையே பார்க்க விடாமல் மறைக்கும் கடினமான முறையும் அதில் உண்டு.

இதற்கு அண்ணன் மாதிரி இருந்தது ரைட் ஆர் டை. அதில் தண்டனையைப் படிப்படியாகத் தேர்ந்தெடுக்கலாம், மென்மையான முறையில் ஒரு நினைவூட்டல், நடு முறையில் காதைக் குடையும் சத்தம், கமிகாஸி முறையில் எழுதியது தானாக அழிய ஆரம்பிக்கும்.

யாருக்கு இது உதவும் என்றால், ஒரு வரி எழுதிவிட்டு அதையே பத்து முறை திருத்துபவர்களுக்கு. திருத்த நேரமே கிடைக்காது. ஏற்கெனவே பதற்றத்தில் இருப்பவர்கள் இந்தப் பக்கமே போக வேண்டாம் என்பது என் கருத்து. நல்ல காட்சியை, கிளைமாக்ஸை எல்லாம் இதில் எழுதாதீர்கள். கதாபாத்திரம் உங்களுக்கு எழுதும் கடிதம், பிரதியில் வராத ஒரு பழைய நினைவு, இந்த மாதிரி போனாலும் பரவாயில்லை என்பதை எழுதுங்கள்.

தமிழில் தட்டுபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. தமிழ்99, அஞ்சல் என்ற விசைப்பலகை முறைகளில் நேரடியாகத் தட்டினால் பெரும்பாலும் பிரச்சினை வராது. ஆங்கில எழுத்தில் தட்டிப் பரிந்துரைப் பட்டியலிலிருந்து சொல்லைத் தேர்ந்தெடுக்கும் முறையில், பட்டியலைப் பார்த்துக்கொண்டிருக்கும் நேரத்தைச் சில தளங்கள் கை நின்றதாக எடுத்துக்கொள்ளும். முதலில் மிகக் குறைந்த நேரத்தை வைத்து, எதையாவது தட்டிச் சோதித்துவிட்டு அப்புறம் நிஜமாக எழுதுங்கள்.

பயமுறுத்தாமல் கொஞ்சம் அன்பாக ஏதாவது?

ரிட்டன் கிட்டன் என்ற தளம் இருக்கிறது. நூறு வார்த்தைக்கு ஒரு பூனைக்குட்டிப் படம், அவ்வளவுதான் ஆட்டம். நூறு போதாது என்றால் 200, 500, 1,000 என்று கூட்டிக்கொள்ளலாம். குழந்தைத்தனமாகத் தோன்றும், ஆனால் 80 வார்த்தையில் எழுந்துபோக நினைக்கும்போது அடுத்த படம் எப்படி இருக்கும் என்ற ஆசை உட்கார வைத்துவிடுகிறது.

தினசரிப் பழக்கம் வேண்டுமென்றால் ஃபோர் தி வேர்ட்ஸ் பாருங்கள். அது முழு விளையாட்டு உலகம். ஒவ்வொரு அரக்கனுக்கும் இத்தனை வார்த்தை, இத்தனை நேரம் என்று கணக்கு, அதற்குள் எழுதினால் அவனை வீழ்த்தி ஏதாவது பரிசு பெறலாம். தினம் 444 வார்த்தை எழுதினால் தொடர்ச்சி அறுபடாது. சில நாள் இலவசம், பிறகு கட்டணம். ஹாபிடிகா வேறு மாதிரி, எழுத்துக்கென்றே செய்தது இல்லை, அன்றாட வேலைகளையே விளையாட்டாக்குவது. அதில் நண்பர்களோடு கூட்டணி சேர்ந்து ஓர் அரக்கனோடு மோதும்போது, நீங்கள் அன்றைய வேலையை விட்டுவிட்டால் அடி கூட்டணியில் எல்லோருக்கும் விழும். தனக்காக எழுதாதவர்கள்கூட அடுத்தவருக்கு அடி விழக்கூடாதே என்று எழுதிவிடுகிறார்கள்.

எழுதியதை வைத்து ஆடும் ஆட்டம் எதாவது இருக்கிறதா? புதிதாக எழுத இன்று தெம்பில்லை.

இருக்கிறது. நான் எல்லோருக்கும் முதலில் சொல்வது இதைத்தான், சொல் தேடும் ஆட்டம். ஒருவர் இன்னொருவருக்கு நான்கைந்து சொல் கொடுப்பார், சாதாரணச் சொற்கள்: கதவு, உப்பு, பொய், சாவி, மெதுவாக. வாங்கியவர் தன் பிரதியில் தேடி, ஒவ்வொரு சொல்லும் வரும் ஒரு வரியைப் பகிர வேண்டும். பிறகு அவர் வேறு சொற்களை அடுத்தவருக்குக் கொடுப்பார்.

தமிழில் தேடும்போது "கதவு" என்று முழுச் சொல்லைப் போட்டால் "கதவை", "கதவில்", "கதவருகே" எதுவும் சிக்காது. "கதவ" என்று பாதியில் நிறுத்துங்கள், எல்லாம் வரும். மரம் போன்ற மகர ஈற்றுச் சொல் என்றால் "மரத்த" என்றும் இன்னொரு முறை தேட வேண்டும்.

இந்த ஆட்டத்தின் பலன் வரியைப் பகிர்வதில் இல்லை, தேடும்போது கண்ணில் படுவதில் இருக்கிறது. ஒரு தோழி தன் நாவலில் "கதவ" தேடினாள். கெட்ட செய்தி வரும் இடத்திலெல்லாம் யாராவது ஒருவர் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். அப்பா இறந்த செய்தி, வேலை போன செய்தி, நிச்சயதார்த்தம் நின்ற செய்தி, எல்லாவற்றுக்கும் அதே கதவு. அப்பா இறந்த இடத்தில் மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை மாற்றினாள். வேலை போனவன் இப்போது துவைத்த துணியை மறுபடி மடித்துக்கொண்டிருக்கிறான், அவனுக்கு அதுதான் பொருத்தம். "மெதுவாக" என்ற சொல்லைத் தேடிப் பார்த்தால் இன்னும் நிறைய பேருக்கு இன்னும் நிறைய வேலை கிடைக்கும்.

ஏழு ஏழு ஏழு என்றும் ஒன்று உண்டு. பிரதியின் ஏழாம் பக்கத்தில் ஏழாம் வரியிலிருந்து ஏழு வரியைப் பகிர்ந்துவிட்டு இன்னும் ஏழு பேரை அழைக்க வேண்டும். ஏழு பேரை இழுப்பது கொஞ்சம் தொல்லைதான், அதை விட்டுவிடலாம். முதல் பாராவை எல்லோரும் செதுக்கி வைத்திருப்போம், ஏழாம் பக்கத்தை யாரும் கவனித்திருக்க மாட்டோம். அங்கே கை எப்படி ஓடுகிறது என்று பார்க்க இது நல்ல சாக்கு.

இப்படிப் பகிர்ந்தால் யாராவது திருடிவிட மாட்டார்களா? பத்திரிகைக்கு அனுப்பும்போது சிக்கல் வருமா?

ஏழு வரியைத் திருடி யாராலும் நாவல் எழுத முடியாது, அந்தப் பயம் வேண்டாம். பத்திரிகை விஷயத்தில் கவனம் தேவை. பல இதழ்களும் போட்டிகளும் "வேறெங்கும் வெளிவராத படைப்பு" என்று கேட்கின்றன, அதில் சமூக ஊடகத்தையும் சேர்த்தே சொல்பவர்கள் உண்டு. சில வரிகள் பரவாயில்லை, முழு அத்தியாயமோ முழுக் கவிதையோ பொதுவில் போடாதீர்கள். குறிப்பாகக் கவிதை, ஏழு வரி என்றால் அதுவே முழுதாகப் போய்விடும்.

கதை அடுத்து எங்கே போக வேண்டும் என்றே தெரியவில்லை. அதற்கு?

எண்ணிக்கை ஆட்டம் இதற்கு உதவாது. இங்கே குலுக்கிப் போடும் ஆட்டம் வேண்டும். ரோரியின் கதைப் பகடைகள் என்று ஒரு பெட்டி கிடைக்கும், ஒன்பது பகடை, மொத்தம் 54 படம். இதே மாதிரி படப் பகடைகளை இணையத்திலும் உருட்டலாம். புதுக் கதை தொடங்கத்தான் அதைச் செய்தார்கள், ஆனால் நடுவில் நிற்கும் கதைக்கு மூன்று பகடை போதும். மூன்றும் அடுத்த காட்சியில் எப்படியாவது வரவேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

1960இல் பாரிஸில் ரேமோன் கெனோவும் பிரான்சுவா லெ லியொனேயும் தொடங்கிய, விதி போட்டு எழுதும் ஊலிப்போ குழுவின் ஆட்டம் ஒன்றும் எனக்குப் பிடிக்கும். எழுதிய பத்தியிலுள்ள ஒவ்வொரு பெயர்ச்சொல்லையும் எடுத்துவிட்டு, அகராதியில் அதிலிருந்து ஏழாவதாக வரும் பெயர்ச்சொல்லைப் போட வேண்டும். ஆங்கிலத்துக்குத் தானாகச் செய்யும் தளங்கள் உண்டு, தமிழில் நாமே கையால்தான் செய்ய வேண்டும், வேற்றுமை உருபை மட்டும் அப்படியே வைத்துக்கொண்டு. "அம்மா அடுப்பை ஊதினாள்" என்ற வரியில் அடுப்பு இருந்த இடத்துக்கு அடைமானம் வந்து விழுந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள், "அம்மா அடைமானத்தை ஊதினாள்". வரியாகப் பார்த்தால் உளறல். ஆனால் அந்த அம்மாவுக்கு ஓர் அடகுச் சீட்டு இருக்கிறதோ, அதை அடுப்பில் போட்டுவிட்டாளோ என்று மனம் கேட்க ஆரம்பித்துவிடும்.

கதை இரண்டு மூன்று பக்கமாகப் பிரிந்து, எதில் போவது என்று தெரியாதவர்களுக்கு ட்வைன். கிரிஸ் கிளைமாஸ் 2009இல் வெளியிட்ட இலவசக் கருவி. ஒவ்வொரு காட்சிக்கும் ஒரு பெட்டி, இரட்டைச் சதுர அடைப்புக்குறிக்குள் எழுதும் சொல் அடுத்த பெட்டிக்கு வழியாகிவிடும். தமிழ் யூனிகோட் அதில் ஒழுங்காகத் தெரியும். அவள் ரயிலில் ஏறினால் ஒரு பெட்டி, ஏறாவிட்டால் இன்னொரு பெட்டி, இரண்டையும் நாலு நாலு வரி எழுதிப் பாருங்கள், எது உயிரோடு இருக்கிறது என்று அப்போதே தெரிந்துவிடும். உலாவியிலேயே பயன்படுத்துபவர்கள் கதையை அவ்வப்போது கோப்பாக இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், உலாவியின் சேமிப்பைச் சுத்தம் செய்தால் கதையும் சேர்ந்து போய்விடும்.

பாத்திரங்களுக்குப் பெயர் தரும் தளங்கள் எப்படி?

தமிழ்க் கதைக்கு உதவாது. பெயரில் ஊர் இருக்கிறது, வயது இருக்கிறது, வழிபாடு இருக்கிறது. இசக்கியம்மாளும் சுடலைமுத்துவும் நெல்லை, குமரிப் பக்கத்துக் கதைக்குள் இயல்பாக நடந்து வருவார்கள், அவர்களைக் கொண்டுபோய்த் தஞ்சாவூர் அக்ரகாரத்தில் உட்கார வைக்க முடியாது. தானாகப் பெயர் குலுக்கும் தளத்துக்கு இது எதுவும் தெரியாது. வீட்டில் பழைய கல்யாணப் பத்திரிகைகள் இருந்தால் எடுங்கள். "தங்கள் நல்வரவை விரும்பும்" பட்டியலில் ஒரே குடும்பத்தின் மூன்று தலைமுறை வரிசையாக நிற்கும். ஒரு தாத்தா பெயரையும் இன்னொரு குடும்பத்துப் பேத்தி பெயரையும் எடுத்து ஒட்டுங்கள், நிஜ ஆள் யாரும் அப்படியே வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மரபுக்கவிதை எழுதுபவர்களுக்கு எதுவுமே இல்லையா?

அவர்களுக்குத்தான் தமிழிலேயே செய்த அருமையான கருவி இருக்கிறது, வினோத் ராஜன் உருவாக்கிய அவலோகிதம். பாட்டை அதில் இட்டால் அசை, சீர், தளை எல்லாம் பிரித்து, என்ன பா வகை என்றும் சொல்லும். பாதியில் நிற்கும் வெண்பாவை அதில் போட்டு, எங்கே தளை தட்டுகிறது என்று பார்த்துப் பார்த்துச் சொல்லை மாற்றுவதே தனி ஆட்டம்.

இரண்டு பேர் சேர்ந்தால் ஈற்றடி ஆட்டம் ஆடுங்கள். ஒருவர் கடைசி அடியைக் கொடுக்க, மற்றவர் முதல் மூன்று அடியை எழுத வேண்டும். இந்த ஈற்றடியை எடுத்துக்கொள்ளுங்கள்: "எழுதாத பக்கம் எனது". முதல் சீர் காய், அடுத்தது நேரில் தொடங்குகிறது. இரண்டாவது மா, அடுத்தது நிரையில் தொடங்குகிறது. கடைசிச் சீர் பிறப்பு வாய்பாடு. தளை தட்டவில்லை, மேலே மூன்று அடியை எழுத வேண்டியது நீங்கள்.

குழுவாகச் சேர்ந்து ஒன்றாக எழுத?

1925 வாக்கில் பாரிஸில் சர்ரியலிஸ்டுகள் ஆடிய ஆட்டம் ஒன்று. ஒருவர் எழுதியதை மடித்து மறைத்துவிட்டு அடுத்தவரிடம் கொடுப்பார், அவர் பார்க்காமல் தன் சொல்லை எழுதுவார். தமிழில் ஆடும்போது ஒரு சின்ன ஏற்பாடு வேண்டும், இல்லாவிட்டால் வினைமுற்று எழுவாயோடு ஒட்டாது. எழுவாய் அஃறிணை ஒருமையாகவே இருக்க வேண்டும் என்று விதி போட்டுவிடுங்கள். பிறகு ஐந்து பேர்: முதல் ஆள் பெயரடை, இரண்டாம் ஆள் எழுவாய், மூன்றாம் ஆள் இன்னொரு பெயரடை, நான்காம் ஆள் ஐகார உருபோடு செயப்படுபொருள், ஐந்தாம் ஆள் "-அது" என்று முடியும் இறந்தகால வினை. எல்லோரும் தங்கள் சொல்லை ஒருவருக்குத் தனிச் செய்தியில் அனுப்பிவிட்டால், அவர் கடைசியில் சேர்த்துப் போடலாம். "பசித்த ஜன்னல் பழைய மழையைத் தைத்தது" என்று ஒன்று வந்தது. ஒற்று மட்டும் சேர்ப்பவர் போட்டுக்கொள்ள வேண்டும்.

அவரவர் பிரதியிலிருந்துதான் சொல் எடுக்க வேண்டும் என்று வைத்தால் இன்னும் சுவை. உங்கள் நாவலின் ஜன்னல் இன்னொருவர் கதையின் மழையைத் தைத்துக்கொண்டிருக்கும்.

ஏஐயிடம் அடுத்த காட்சியை எழுதித் தரச் சொல்வது இதில் சேருமா?

என் கணக்கில் சேராது. ஆடுவது நீங்களாக இல்லாதபோது பிரதியைப் பற்றி உங்களுக்கு எதுவும் தெரிய வருவதில்லை. கேள்வி மட்டும் கேட்கச் சொல்லலாம், "இந்தப் பாத்திரத்தைப் பற்றி என்னிடம் பத்துக் கேள்வி கேள்" என்று. பதிலை நீங்கள் எழுதுங்கள்.

ஃபோனில் மட்டும்தான் எழுதுகிறேன், ஆடலாமா?

தாராளமாக. செல்லினம், ஜிபோர்டு என்ற விசைப்பலகைச் செயலிகள் இரண்டிலும் தமிழ் நன்றாகத் தட்டலாம். ஜிபோர்டில் தமிழில் பேசியே எழுதவும் முடியும். உரையாடல் அதிகமுள்ள காட்சியைப் பேசி எழுதும் ஓட்டமாக வைத்துப் பாருங்கள், வட்டார வழக்கு தானாக வந்து உட்காரும், நிறுத்தற்குறிதான் ஒன்றும் இருக்காது, அதைப் பிறகு போட்டுக்கொள்ளலாம்.

பிழை திருத்துவது எப்போது?

ஆட்டத்தின் நடுவில் கூடவே கூடாது. வாரம் ஒரு நாள் ஒதுக்கி, நீச்சல்காரன் உருவாக்கிய இணையக் கருவிகளான வாணியில் எழுத்துப்பிழையும் நாவியில் சந்திப்பிழையும் பார்த்துக்கொள்ளுங்கள். வட்டார வழக்கில் எழுதிய உரையாடலையும் அவை பிழை என்று காட்டக்கூடும், அதை நீங்கள் விட்டுவிடலாம்.

இந்தத் தளங்களிலேயே முழுப் பிரதியையும் வைத்துக்கொள்ளலாமா?

வேண்டாம். கால் நூற்றாண்டு நடந்த நானோரைமோவே மூடிப்போனது. எழுதி முடித்த ஒவ்வொரு சுற்றின் கடைசியிலும் எல்லாவற்றையும் வெட்டி உங்கள் சொந்தக் கோப்பில் ஒட்டிவிடுங்கள், கோப்பின் பெயரில் தேதியைப் போடுங்கள், வாரம் ஒரு முறை உங்களுக்கே மின்னஞ்சலில் அனுப்பிவையுங்கள். பாமினி மாதிரிப் பழைய எழுத்துருவில் பாதி நாவலை வைத்திருப்பவர்கள் அதை முதலில் யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள், இலவச மாற்றிகள் இருக்கின்றன. அதுவரை சொல் தேடும் ஆட்டமெல்லாம் அந்தக் கோப்பில் நடக்காது.

இணையம் இருந்தாலே கவனம் சிதறுகிறது. இணையமே இல்லாமல்?

ஃபோகஸ்ரைட்டர் என்ற மென்பொருளை ஒரு முறை இறக்கிக்கொள்ளுங்கள், இலவசம். திரை முழுக்க எழுதும் பக்கம் மட்டும் இருக்கும், அன்றைய இலக்கை நிமிடத்திலோ வார்த்தையிலோ வைக்கலாம், வேண்டுமென்றால் பழைய தட்டச்சுப் பொறியின் சத்தமும் கேட்கும். முதலில் "புத்தகம்" என்று தட்டி எண்ணிக்கையைச் சரிபார்த்துவிட்டு, வைஃபையை அணைத்துவிட்டு ஆரம்பியுங்கள்.